கணக்கு ஒன்று, விலாசம் பல

விலாசம் என்பது ஒருவர் இருக்குமிடத்தைக் காட்டும் சில வரிகளே எனப் பலர் எண்ணுவர். செஞ்சிக்கோட்டையைச் சூழ்ந்த ஊர்ப்புறங்களில் அச்சில வரிகளும் நெடுங்காலம் முழுமையாக வேண்டப்படவில்லை. பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் குன்றின்மேல் விளங்கும் பனமலை போன்றதோர் ஊரில், இன்னார் மகன் இன்னார் என்றெழுதி ஊர்ப்பெயரைச் சேர்த்தால் கடிதம் உரியவர் கையில் சேர்ந்துவிடும். தபாற்காரர் ஊராரை அறிவார். ஊராரும் அவரை அறிவர். புதிய மனிதர் ஒருவர் வந்து இன்னார் வீடு எது என வினவினால், திண்ணையில் இருப்பவர் உடனே விடை கூறுவதில்லை. 'தாங்கள் யார்? எவ்வூர்? என்ன காரியமாக வந்தீர்கள்?' என்று கேட்டு, மனம் நிறைந்த பின்னரே வழி காட்டுவர். விலாசத்துக்கு அந்நாளில் காவல் இருந்தது. அக்காவல் மனிதருடைய விவேகம்.

இந்நாளில் அதே விலாசம் காஸ் ஏஜென்ஸியிலும், வங்கியிலும், இணையக் கடையிலும், தொலைபேசிக் கம்பெனியிலும் கணினிக்குள் கிடக்கிறது. கணினி, கேட்பவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை. என்ன காரியம் என்று வினவுவதும் இல்லை. திறக்கும் உரிமை பெற்றவர் எவராயினும் அவர்க்குத் திறந்துவிடுகிறது. ஆதலின், திண்ணைப் பெரியவர் கேட்ட வினாக்களை முன்கூட்டியே ஆராய்ந்து, யாருக்கு, எதற்காக, எவ்வளவு திறக்கலாம் என்று விதித்து வைக்கவேண்டிய பொறுப்பு அக்கணினி மென்பொருளை ஆக்குவோர்க்கும் ஆள்வோர்க்கும் உரியதாகிறது. இப்பொறுப்பு இன்று செவ்வனே நிறைவேற்றப்படவில்லை என்பதும், எவ்வாறு நிறைவேற்றலாம் என்பதும் இவ்வியாசத்தின் பொருள்.

இத்துறை நமக்குப் புறம்பானதன்று. வாடிக்கையாளர் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதற்கான மென்பொருளை உலகுக்கு விற்கும் கம்பெனிகளில் இரண்டு தமிழ்நாட்டில் தோன்றியவை. 1996-இல் அட்வெண்ட்நெட் என்னும் பெயரால் தொடங்கி 2009-இல் பெயர் மாறிய ஜோஹோ ஒன்று. 2010-இல் சென்னையில் பிரெஷ்டெஸ்க் என்று தோன்றி, 2021 செப்டம்பரில் அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற பிரெஷ்வொர்க்ஸ் மற்றொன்று. நம் மாணவரிற் பலர் இத்தகைய கம்பெனிகளில் வேலைக்குச் செல்ல விரும்புகின்றனர். பழைய மாணவர் பலர் இம்மென்பொருள்களை நாள்தோறும் கையாளுகின்றனர். ஆகவே, இது நம்மவர் கையால் திருந்தக்கூடிய குறையேயாகும்.

இத்தகைய மென்பொருளின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுதும். ஒரு கடையோ, கம்பெனியோ, குடும்பமோ வாடிக்கையாளராகும்போது அதன் பெயரால் ஒரு கணக்கு ஏற்படுகிறது. அக்கணக்கின்கீழ்ப் பேசுதற்கும் எழுதுதற்கும் உரிய மனிதர் பலர் பதியப்படுகின்றனர். அவர்களைத் தொடர்பாளர் என்போம். விலாசங்களும் பல சேர்கின்றன: பட்டியல் அனுப்பும் விலாசம், சரக்கு இறக்கும் விலாசம், கிடங்கின் விலாசம், வீட்டின் விலாசம். இவற்றைக் காண வல்லார் இருதிறத்தார். ஒரு திறத்தார், விற்கும் கம்பெனியின் ஊழியர். மறு திறத்தார், அதே கணக்கின்கீழ் உள்ள பிற தொடர்பாளர். முதல் திறத்தாரைக் குறித்து உலகம் ஓரளவு கவலை கொண்டிருக்கிறது. இரண்டாம் திறத்தாரை எவரும் பெரும்பாலும் நினைப்பதே இல்லை. ஒரே கணக்கைச் சேர்ந்தவர் தாமே, ஒருவர் விலாசத்தை மற்றொருவர் கண்டால் என்ன கேடு என்று அமைதி அடைந்துவிடுகின்றனர். கேடு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

முதலாவது, விலாசம் இடத்தை மட்டும் காட்டுவதன்று என்பதை நாம் உணர்தல் வேண்டும். நம் நாட்டு விலாசத்தில் தந்தை பெயரோ கணவன் பெயரோ முன்னிற்கும். ஒரு பெண் யாருடைய பொறுப்பில் இருக்கிறாள் என்று ஊர் கருதுவதை அது சொல்லிவிடும். தெருவின் பெயர் சாதியைச் சொல்லிவிடும். விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஊர் என்றும் காலனி என்றும் குடியிருப்பு இரண்டாகப் பிரிந்து நிற்பதை அறியாதார் இலர். 'காலனி' என்னும் சொல் தீண்டாமையின் குறியாகவும் வசைச் சொல்லாகவும் ஆகிவிட்டமையால், அது அரசாங்க ஆவணங்களினின்றும் பொதுப் புழக்கத்தினின்றும் நீக்கப்படும் எனத் தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவித்தார். ஆவணத்தில் சொல் நீங்கலாம். ஆயினும் பல்லாண்டுகளாகக் கணினிகளில் பதிந்துவிட்ட விலாசங்களில் அது இன்னும் எத்தனை இடங்களில் நிற்குமோ! வேலைக்கோ கடனுக்கோ வாடகை வீட்டுக்கோ மனுச் செய்தவர் ஒருவருடைய விலாசத்தைக் காரியமின்றித் திறந்து பார்க்கும் குமாஸ்தா, அவருடைய பிறப்பையும் பார்த்துவிடுகிறார் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, விலாசம் பகைவனுக்கு வழிகாட்டும். அமெரிக்காவில் ரெபெக்கா ஷேஃபர் என்னும் இளம் நடிகையார் 1989 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன், அவரைப் பல காலம் விடாது பின்தொடர்ந்து கடிதம் எழுதிவந்த ஒருவன். அவ்வம்மையாரின் வீட்டு விலாசம் அவனுக்குக் கிடைத்தது, ஒரு தனியார் துப்பறிவாளர் வழியாக, கலிபோர்னிய மோட்டார் வாகன இலாகாவின் பதிவேட்டிலிருந்து. எவரும் பூட்டை உடைக்கவில்லை. கேட்டவர்க்கு விலாசம் தரும் வழக்கம் அங்கு இருந்தது, அவ்வளவே. ஓட்டுநர் பதிவுகளைக் காக்க 1994-இல் அந்நாட்டில் தனிச் சட்டம் பிறந்தது. ஓர் உயிர் போன பின்னரே, 'நீர் யார், எதற்கு?' என்று வினவும் விதி வந்தது.

இஃது அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்குதற்கில்லை. நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் செய்ய விரும்புவோர் அறிவிப்புக் கொடுக்க, அவ்வறிவிப்பைப் பதிவு அதிகாரி தம் அலுவலகத்தில் ஒட்டி வைப்பார். முப்பது நாள் ஆட்சேபத்துக்கு இடமுண்டு. அந்நாளில் அது ஒரு சுவரில் ஒட்டிய தாள். அச்சுவர் முன் வந்து நிற்பவர் சிலரே. பின்னர்க் கேரளத்தில் இவ்வறிவிப்புகள் புகைப்படத்தோடும் விலாசத்தோடும் இணையத்தில் ஏற்றப்பட்டன. மத வேற்றுமை கடந்து மணப்போரை வேட்டையாடும் கூட்டத்தார் அவற்றைத் தேடியெடுத்துப் பரப்பத் தலைப்பட்டமையால், 2020-இல் அவ்வரசாங்கம் இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தியது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர்நீதிமன்றம், மணமக்கள் விரும்பினாலன்றி அறிவிப்பை வெளியிட வேண்டுவதில்லை என்று தீர்ப்பளித்தது. விலாசமும் அதுவே, சட்டமும் அதுவே; காண்போர் தொகை மாறியதால் வேலி பயிரை மேயத் தொடங்கிற்று.

இனி, ஒரு கணக்கின்கீழ் உள்ள தொடர்பாளர் நிலையைக் காண்போம். கணவன் பெயரில் ஒரு கணக்கு. மனைவியும் அதில் தொடர்பாளர். கொடுமை தாங்காது அவள் வேற்றூர் சென்று தங்குகிறாள். அங்கே மருந்தோ குழந்தைக்கு உடையோ வரவழைக்கப் புது விலாசத்தைச் சேர்க்கிறாள். மறுகணமே கணவனுடைய கைப்பேசியில் அவ்விலாசம் தோன்றுகிறது. ஊழியர் எவரும் தவறு செய்யவில்லை. கள்வர் எவரும் புகவில்லை. மென்பொருள் விதித்தபடியே ஒழுகிற்று. பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகச் சாதி கடந்து மணந்து ஒளிந்து வாழும் மக்களுக்கும் இவ்வாறே நேரக்கூடும். வியாபாரத்திலும் இது பொருந்தும்: கம்பெனியை விட்டு நீங்கிய மேலாளர், தம் பெயர் கணக்கினின்று எடுக்கப்படாமையால், பின்வந்த பெண் ஊழியரின் வீட்டு விலாசத்தைத் தம் இல்லத்திலிருந்தே பார்க்க முடியும். கணக்கு ஒன்று என்பதால் விலாசமும் ஒன்று என எண்ணியதன் விளைவு இது.

ஆதலின், எம் கருத்து இது: கணக்கு ஒன்றாயினும் விலாசம் அவரவர்க்கே உரியது. எவர் அவ்விடத்தில் வாழ்கிறாரோ அவரே அதற்கு உடையவர். கணக்கின் தலைவர் என்பதால் ஒருவர்க்கு அவ்வுடைமை வந்துவிடாது. இதினின்று மூன்று விதிகள் பிறக்கின்றன.

முதல் விதி, பதவியை நோக்காது காரியத்தை நோக்கித் திறத்தல். சிலிண்டர் கொண்டுசெல்பவர்க்கு அன்றைய வீடுகளின் விலாசம் வேண்டும். நேற்று சென்ற வீடுகளின் விலாசம் வேண்டுவதில்லை. பட்டியல் பிழையைத் திருத்தும் ஊழியர்க்கு ஊரும் அஞ்சல் குறியீடும் போதும், கதவெண் வேண்டுவதில்லை. மேலாளர் என்பதாலேயே எல்லா விலாசமும் எந்நேரமும் ஒருவர் கண்முன் விரிந்து கிடக்க நியாயம் இல்லை. வாடகைக் கார்ச் செயலிகளில் பயணியின் எண்ணைக் காட்டாமலே ஓட்டுநர் அவரை அழைக்கும் ஏற்பாடு வழக்கத்துக்கு வந்துவிட்டது. எண்ணை மறைத்துக் காரியத்தை முடிக்க இயலுமாயின், விலாசத்தைப் பகுதியாக மறைத்துக் காரியத்தை முடிப்பதும் இயலும்.

இரண்டாம் விதி, உடன் தொடர்பாளர்க்கு இசைவின்பேரில் மட்டும் காட்டுதல். புதிதாய்ச் சேர்க்கும் விலாசம், சேர்த்தவர்க்கு மட்டும் தெரிவதாய் இருக்கவேண்டும். பிறர்க்குக் காட்ட அவர் விரும்பினால் அவரே திறக்கலாம். இதற்கு நம் நாட்டிலேயே ஒருவகை முன்மாதிரி உண்டு. தம் பெயரில் ஆவணம் இல்லாத மனைவியோ மக்களோ பெற்றோரோ, குடும்பத் தலைவரின் விலாசத்தைத் தம் ஆதாரில் சேர்க்க 2023 ஜனவரியில் வழி செய்யப்பட்டது. அவ்வாறு வேண்டுகோள் வந்தால் அத்தலைவருக்குச் செய்தி செல்லும். முப்பது நாளுக்குள் அவர் இசைவு தந்தாலன்றி மாற்றம் நிகழாது. ஒருவர் விலாசத்தை மற்றொருவர் கொள்ளுமுன் உடையவரைக் கேட்டல் என்னும் நெறி இங்கே காணப்படுகிறது. தலைவரைக் கேட்கும் அந்நெறியை மனைவிக்கும் மகளுக்கும் கீழூழியர்க்கும் விரித்தல் வேண்டும் என்பதே யாம் வேண்டுவது.

மூன்றாம் விதி, திறந்தவர் பெயரை எழுதி வைத்தலும் அதனை உடையவர்க்குக் காட்டுதலும். திறந்த குறிப்பைக் கணினி எழுதி வைப்பது அரிதன்று. பல மென்பொருள்களில் அவ்வசதி முன்னமே இருக்கிறது. ஆயின் அக்குறிப்பு கம்பெனியின் உள்ளறையிலேயே உறங்குகிறது. 'தங்கள் விலாசத்தை இன்ன நாளில் இன்ன காரியத்துக்காக இன்ன பிரிவினர் திறந்தனர்' என்று வாடிக்கையாளர் தாமே பார்க்குமாறு செய்தால், வேடிக்கைக்காகத் திறக்கும் கை தானே தயங்கும்.

இவ்விதிகளின் நியாயத்தைச் செஞ்சிக் கோட்டையைக் கண்டவர் எளிதில் உணர்வர். 2025 ஜூலையில் மராத்தியர் போர்க்கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் ஏறிய அக்கோட்டை, ஒரே மதிலை நம்பிக் கட்டப்பட்டதன்று. அடிவாரத்தில் களஞ்சியமும் குளமும் லாயமும். அவற்றுக்குப் பலர் வந்து போவர். இராசகிரியின் மேல் ஏற ஏற வாயிலுக்குப்பின் வாயில். உச்சியை அணுகுங்கால் ஆழ்ந்த பிளவொன்று குறுக்கிட, அதன்மேல் எடுத்து வைக்கத்தக்க மரப்பாலம் ஒன்றே வழியாயிருந்தது. களஞ்சியத்துக்குச் செல்ல உரிமை உடையவர்க்கெல்லாம் உச்சிக்கும் உரிமை உண்டு என எவரும் கொள்ளவில்லை. இக்கோட்டை 1690 முதல் 1698 வரை மொகலாயரின் முற்றுகைக்கு நின்றது. அதே கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி முதலானோர் 1750-இல் ஓரிரவுத் தாக்குதலில் கைக்கொண்டனர். மதில் எவ்வளவு வலிதாயினும் காவல் விழித்திருந்தாலன்றிப் பயனில்லை. நம் மென்பொருள்களிற் பலவற்றில் கடவுச்சொல் என்னும் வெளி வாயில் ஒன்றே உண்டு. அதனைக் கடந்தவர் மரப்பாலம் ஒன்றும் காணாது நேரே உச்சி ஏறிவிடுகின்றனர்.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். காவல் மிகுந்தால் காரியம் தாமதப்படும் என்பது ஒன்று. செஞ்சிக் கடைத்தெருவில் இரண்டு குமாஸ்தாக்களோடு நடக்கும் ஏஜென்ஸி, பிரிவு பிரிவாக உரிமை வகுத்துக்கொண்டிருக்க இயலுமோ என்பர். இயலாது என்பதை ஒப்புகிறோம். ஆகையினாலேதான் அவ்வகுப்பைச் சிறு கடைக்காரர் தலையிற் சுமத்தாது, மென்பொருள் ஆக்குவோரே தொடக்கத்தில் மூடிய நிலையில் அமைத்துத் தருதல் வேண்டும். திறப்பதற்கு ஒருவர் முயலவேண்டும். மூடுவதற்கு எவரும் முயல வேண்டுவதில்லை என்றிருந்தால், அறியாமையால் வரும் கேடு பெரும்பாலும் நீங்கும்.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. பனமலையில் எழுதப் படிக்க அறியாத மூதாட்டி ஒருவருக்காகப் பேரனோ அண்டை வீட்டுப் பிள்ளையோ சிலிண்டர் பதிவு செய்கிறான். விதியைக் கடுமையாக்கினால் முதலில் துன்புறுவார் அம்மூதாட்டி அன்றோ? உண்மை. பிறர் உதவியின்றி வாழ இயலாதார்க்குக் காவலே சிறையாகிவிடக் கூடாது. ஆயின், பதிவு செய்யும் உரிமை வேறு, விலாசத்தைக் காணும் உரிமை வேறு, அதனை மாற்றும் உரிமை வேறு. பிள்ளை பதிவு செய்யட்டும். சிலிண்டர் முன்பு வந்த வீட்டுக்கே வரும். விலாசத்தை மாற்றவேண்டின் மட்டும் அம்மூதாட்டியின் சொந்தக் குரலோ நேரில் வருகையோ வேண்டும் என வைக்கலாம். மூன்றையும் ஒரே சாவியில் கோத்து வைத்திருப்பதே இன்றைய குறை. உதவியைத் தடுப்பது எம் நோக்கமன்று. தீ, மருத்துவம் முதலிய ஆபத்துக் காலங்களில் உடனே திறக்கவும் வழி வேண்டும்; திறந்த பின் காரணம் எழுதப்படுமாயின் போதும்.

சட்டம் இருக்கிறதே என்பாரும் உளர். 2017 ஆகஸ்டு 24-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமுகமாகத் தீர்த்தனர். 2023-இல் இலக்கமுறைத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தக்க காவல் செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. 2025 நவம்பரில் விதிகள் வெளிவந்தன. காணும் உரிமையை வரையறுத்தல், மறைத்துக் காட்டுதல், திறந்த குறிப்பை ஓராண்டு காத்தல் ஆகியவை அவற்றில் சொல்லப்பட்டுள்ளன. முக்கியக் கடமைகளை ஏற்க நிறுவனங்களுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. இவை போற்றத்தக்கனவே. எனினும், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுக் காரியத்துக்காகத் தரவைக் கையாள்வது இச்சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கணக்கைத் திறந்து மனைவியின் புது விலாசத்தைப் பார்க்கும் கணவனைத் தடுக்க இச்சட்டம் நேரே வாராது. அவ்விடத்தில் அவளைக் காப்பது மென்பொருளின் அமைப்பு ஒன்றே. ஆகவே சட்டத்தின் அவகாசம் முடியும்வரை காத்திருத்தலும், சட்டம் சொன்னதோடு நின்றுவிடுதலும் ஒருசேரத் தவறாகும்.

விலாசம் வரவரக் கூர்மையடைந்து வருகிறது என்பதையும் நினைத்தல் வேண்டும். 1972-இல் வந்த ஆறிலக்க அஞ்சல் குறியீடு ஒரு பகுதியைக் காட்டும். 604202 என்றால் செஞ்சி என்று மட்டும் அறியலாம். 2025-இல் அஞ்சல் துறை வெளியிட்ட டிஜிபின் என்னும் பத்தெழுத்துக் குறியீடோ, ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுர நிலத்தையே சுட்டிவிடும். கதவெண் இல்லாத சிற்றூர் வீட்டுக்கும் ஆம்புலன்சு வந்து சேர இது பேருதவி, ஐயமில்லை. ஆயின் வீட்டு வாசலையே காட்டும் குறி, தவறான கையில் விழுந்தால் விளையும் கேடும் அவ்வளவுக்குப் பெரிது.

கல்லூரி அன்பர்காள், இதனைப் பிறர்க்கு உரைப்பதற்கு முன் நம் இல்லத்திலேயே தொடங்கலாம். மாணவர் விடுதிப் பதிவேட்டிலும், பழைய மாணவர் விலாசப் பட்டியலிலும், ஆசிரியர் அலுவலகக் கணினியிலும் எத்தனை வீடுகளின் வாயில்கள் திறந்து கிடக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. பழைய மாணவர் ஒருவரைத் தேடுபவர்க்கு அவர் விலாசத்தை எடுத்துக் கொடுப்பதினும், தேடுபவரின் பெயரை அவர்க்குத் தெரிவித்து, விரும்பின் அவரே எழுதட்டும் என்று விடுவது நட்புக்கும் குறைவன்று, காவலுக்கும் குறைவன்று. மென்பொருள் ஆக்கச் செல்லும் மாணவர், விலாசம் என்னும் கட்டத்தைத் திரையில் வரையுமுன், இதனை யார் காண்பார், ஏன் காண்பார் என்னும் இரண்டு வினாக்களை எழுப்புவாராக. கணக்கர் மேசையில் அமரும் மாணவர், காரியம் இல்லாத விலாசத்தைத் திறவாதிருப்பாராக. திண்ணைப் பெரியவர் வழியிலேயே கிடைத்து வந்த அக்காவலைக் கணினிக்குள்ளும் அமைத்துத் தருவது கல்வி கற்றோர் கடன்.